ஆறாவது ஓட்டு

அமெரிக்காவில் ஒரு சின்ன ஊரில் வேலை பார்க்கும் என் அண்ணனின் பெரிய மகன், போன வாரம் ஒரு போட்டோ அனுப்பினான். அவன் குடியிருக்கும் தெரு அது. ஒவ்வொரு வீட்டு முன்னாலும் புல்தரையில் ஒரு சின்ன அட்டையை நட்டு, அந்த வீட்டுக்காரர் யாருக்கு ஓட்டுப் போடப்போகிறார் என்று பேர் எழுதி வைத்திருக்கிறார்கள். அவனுக்கு இடது பக்க வீட்டில் ஒரு கட்சி, வலது பக்க வீட்டில் எதிர்க்கட்சி. இரண்டு பேரும் ஒரே புல் வெட்டும் மெஷினை மாற்றி மாற்றி எடுத்துக்கொள்கிறார்களாம். போட்டோவைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். எரிச்சலாக வந்தது. இதில் என்ன எரிச்சல் என்று யாராவது கேட்டால் இந்தக் கதையைத்தான் சொல்ல வேண்டும்.

எங்கள் லைனில் அட்டை நட வேண்டிய அவசியமே இல்லை. சித்தூரிலிருந்து வேலூர் போகும் சாலையில் இறங்கி, மாந்தோப்புகளைத் தாண்டி உள்ளே நடந்தால் எங்கள் ஊர். சர்ச்சை ஒட்டி, மிஷன்காரர்கள் காலத்தில் கட்டிய இரண்டு வரிசை வீடுகள் இருக்கின்றன. அதைத்தான் லைன் என்போம். எல்லாம் தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பங்கள். ஆபீசில் தெலுங்கு, கடையில் தெலுங்கு, ஜெபமும் சண்டையும் மட்டும் தமிழ். எங்கள் தாத்தாக்கள் காலத்தில் லைன் மொத்தமும் ஒரு கட்சி. அது நொடித்துப் போனதும் மொத்தமாக இன்னொன்றுக்குத் தாவியது. பிரிந்து போட்டால் எவனும் நம்மை மதிக்க மாட்டான், சேர்ந்து போட்டால் சாக்கடையாவது வரும் என்பார்கள். சாக்கடை வந்தது, நானே பார்த்தேன், அதனால் அந்தக் கணக்கைக் கேலி செய்ய எனக்கு வாய் வராது. எந்த வீட்டில் எந்தத் தலைவர் படம் போட்ட காலண்டர் தொங்குகிறது, யார் எந்த டீக்கடையில் உட்காருகிறார் என்பதைப் பார்த்தாலே ஓட்டு எங்கே போகும் என்று தெரிந்துவிடும். யாரும் யாரையும் கேட்பதில்லை. கேட்பதே அவமானம் மாதிரி.

சித்தூரில் முப்பது வருடம் பள்ளிக்கூட டீச்சராக இருந்து ரிட்டையர் ஆனவள் நான். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அப்பா கட்டிய வீட்டை நடுவில் சுவர் வைத்துப் பிரித்து, ஒரு பக்கம் அண்ணன் குடும்பம், ஒரு பக்கம் நான். அண்ணன் கரண்ட் ஆபீசில் வேலை பார்த்தவர். எனக்கு அறுபது தாண்டியும் என்னைப் ‘பாப்பா’ என்றுதான் கூப்பிடுவார். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் அவர்கள் வீட்டுக் கறிக்குழம்பு சுவருக்கு மேலாக எனக்கு வரும். எவர்சில்வர் டப்பாவை அவரே நீட்டுவார், அண்ணியிடம் கொடுத்துவிட மாட்டார். நான் பொறுமைசாலி இல்லை, எதற்கெடுத்தாலும் சுள்ளென்று விழுவேன், அந்த டப்பாவின் முன்னால் மட்டும் வாய் அடங்கிவிடும்.

ஐந்து வருடத்துக்கு முன் பஞ்சாயத்துத் தேர்தல் வந்தது. ஊர்த் தலைவரான சர்பஞ்ச் பதவிக்குப் போட்டியே இல்லாமல் பேசி முடித்து ஏகக்ரீவம் ஆக்கிவிட்டார்கள். ஒருமனதாக என்பதற்கு எங்கள் பக்கத்தில் அந்தத் தெலுங்கு வார்த்தைதான். எங்கள் வார்டுக்கு அண்ணன் நின்றார். அதுவும் ஏகக்ரீவம் என்று எல்லாரும் நினைத்துக்கொண்டிருந்தபோது, கால்வாய் மூலையில் டிபன் கடை வைத்திருக்கும் அம்மா மனுத் தாக்கல் செய்துவிட்டாள். வாபஸ் வாங்கச் சொல்லி ஆள் மேல் ஆள் போனார்கள். அவள் தோசையைத் திருப்பிக்கொண்டே முடியாது என்று சொல்லி அனுப்பினாள்.

பஞ்சாயத்தில் கட்சிச் சின்னம் கிடையாது. அண்ணனுக்கு ஸ்டூல் கிடைத்தது. அவளுக்கு கேஸ் ஸ்டவ். யாருக்குப் பின்னால் எந்தக் கட்சி என்று குழந்தைக்குக்கூடத் தெரியும். எங்கள் வார்டு என்றால் லைனும் அவள் வீடும்தான். லைனில் அத்தனை வீடும் ஸ்டூல். கேஸ் ஸ்டவ்வுக்கு அவள் வீட்டு ஐந்து ஓட்டு.

தேர்தலுக்கு இரண்டு நாள் முன்பு அந்த அம்மா என் வாசலுக்கு வந்தாள். கையில் நோட்டீஸ்கூட இல்லை.

“டீச்சரம்மா, உங்க அண்ணன் நிக்கிறாரு. உங்க ஓட்டு அங்கதான் போவும்னு எனக்குத் தெரியும். ஆனா கேக்காம போனா மருவாதி இல்ல. உங்க ஓட்ட எனக்குப் போடுங்கம்மா” என்றாள்.

சொல்லிவிட்டுப் போகவில்லை. பதிலுக்காக நின்றாள். அவள் நின்ற அந்த நேரம் எனக்கு என்னவோ செய்தது. என் வாழ்க்கையில் எத்தனை தேர்தல் பார்த்திருப்பேன். அப்பா, சபை மூப்பர், அண்ணன் என்று யாராவது ஒருவர் ‘இந்தத் தடவை இதுக்கு’ என்று சொல்லிவிட்டுப் போவார்கள். உன் ஓட்டைக் கொடு என்று என் முகத்தைப் பார்த்து யாரும் கேட்டதில்லை. யோசிக்கிறேன் என்று அவளிடம் சொன்னேன். சொன்னது எனக்கே வேடிக்கையாக இருந்தது.

ஓட்டுப் போடும் நாள் காலையில் அண்ணன் என் சமையலறையில் நின்று காபி குடித்துக்கொண்டே விரல் மடக்கி எண்ணினார். “நம்ம வூடு நாலு. எதுர் வூடு மூணு. மூலை வூட்ல பையன் பெங்களூர்லேர்ந்து வந்துக்கினு இருக்கிறான், அதோட ஆறு. கண்ண மூடிக்கினு சொல்லுவேன், எவன் ஓட்டும் எங்கியும் போவாது.”

ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு விரல் மடங்கியது. நாலு என்றது சுவருக்கு அந்தப் பக்கம்: அவர், அண்ணி, சின்ன மகன், மருமகள். இங்கே என் முன்னால், என் டம்ளரைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார், எனக்கென்று ஒரு விரல் மடங்கவில்லை. மறந்துவிட்டார் என்று நினைக்கவில்லை. எண்ண வேண்டிய அவசியமே இல்லை என்று நினைத்துவிட்டார். அதுதான் என்னைக் குத்தியது. இதில் கொள்கை, கட்சி, சாக்கடை எதுவும் இல்லை. அறுபது வயதுக்காரிக்கு வந்த ஒரு சின்னப் பிள்ளைக் கோபம், அவ்வளவுதான்.

ஸ்கூலில் அட்டை மறைப்புக்குப் பின்னால் நின்று முத்திரையை மையில் ஒற்றி எடுத்தபோதுகூட ஸ்டூலுக்குத்தான் குத்தப்போகிறேன் என்று நினைத்தேன். கை கேஸ் ஸ்டவ்வுக்குப் போனது. மடித்துப் பெட்டியில் போட்டுவிட்டு வெளியே வந்தால் வெயிலில் அண்ணன் நிற்கிறார். “வெயில்ல நிக்காத பாப்பா, வூட்டுக்குப் போ” என்றார். அப்போதாவது யாருக்குப் போட்டாய் என்று கேட்டிருக்கலாம். விளையாட்டுக்காவது.

அன்று சாயந்திரமே அதே ஸ்கூலில் எண்ணினார்கள். அண்ணன் ஜெயித்தார், லைன் முழுக்கப் பட்டாசு. செல்லாத ஓட்டு ஒன்றுகூட இல்லை. கேஸ் ஸ்டவ்வுக்கு ஆறு.

ஜெயித்த மனிதர் மாலையைக் கழற்றி வைத்துவிட்டு வாக்காளர் லிஸ்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். “அந்தம்மா வூட்ல அஞ்சு பேரு. ஆறாவது யாரு?” என்று கேட்டார். நான் அவர் எதிரில்தான் இருந்தேன், இனிப்புத் தட்டு என் மடியில் இருந்தது. பேரைப் பேராகப் பார்த்து வந்தார்கள். அண்ணி, மூப்பர் இரண்டு பேர், எதிர்வீட்டுக்காரர். என் பேருக்கு மேலும் கீழும் நின்று பேசினார்கள். என் பேரில் நிற்கவில்லை.

லிஸ்டைப் பார்த்தால் ஒருத்திதான் வெளியாள். அண்ணனின் சின்ன மகன் சித்தூரில் மாங்கூழ் பேக்டரியில் சூப்பர்வைசர். அவன் மனைவி திருப்பதிப் பெண், தெலுங்குக் கிறிஸ்தவக் குடும்பம். கல்யாணமாகி ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. அவள் அப்பா அங்கே குழாய்ச் சாமான் கடை வைத்திருக்கிறார், கடை வாசலில் எதிர்க்கட்சிக் கொடி பறக்கும். அவன் கூப்பிடுவதைப் பார்த்து அவளும் என்னை அத்தை என்றே கூப்பிடுவாள். யார் முதலில் அவள் பேரைச் சொன்னது என்று எனக்கு இன்று வரை தெரியாது. மறுநாள் காலையில் லைன் முழுக்க அவள்தான் என்று முடிவாகியிருந்தது. அவள் தண்ணீர் பிடிக்கப் போனால் பேச்சு நின்றது. சர்ச்சில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் ஒரு பெஞ்சு தள்ளி உட்கார்ந்தார்கள்.

மூன்றாம் நாள் அண்ணி ஷோகேசிலிருந்து பெரிய வேதப் புத்தகத்தை எடுத்துவந்து மேஜை மேல் வைத்தாள். “கைய வெச்சி சொல்லு. நீ போடலன்னா போடலன்னு சொல்லு. முடிஞ்சி போச்சி” என்றாள்.

அந்தப் பெண் சத்தம் போடவில்லை. “ஓட்டுக்கெல்லாம் வேதப் புத்தகத்த எடுக்காதீங்க அத்தம்மா. நா கைய வெக்க மாட்டேன்” என்றாள். குற்றம் உள்ள நெஞ்சு என்று எல்லாரும் பார்த்துக்கொண்டார்கள். அவள் புருஷன் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றான். அன்று மத்தியானமே ஒரு பையை எடுத்துக்கொண்டு திருப்பதி பஸ் ஏறிவிட்டாள். ஒருவரும் தடுக்கவில்லை, நான் உட்பட.

அதற்குப் பிறகு எனக்கு ஓர் இடத்தில் உட்கார முடியவில்லை. பெருக்கிய வாசலையே மறுபடி பெருக்கினேன். சித்தூர் மார்க்கெட்டுக்குப் போய் எதுவும் வாங்காமல் அதே பஸ்ஸில் திரும்பினேன். சுவருக்கு அந்தப் பக்கம் பாத்திரம் விழுந்தால்கூட என் பேரைத்தான் சொல்கிறார்களோ என்று காது கொடுத்தேன். சொல்லிவிட்டால் என்ன ஆகும் என்று நூறு தரம் யோசித்துப் பார்த்தேன். அண்ணன் ஒருத்தர்தான் எனக்கு மிச்சம் இருக்கும் உறவு. அவரை இழந்துவிடுவேன் என்ற பயம்தான், வேறொன்றும் இல்லை. அந்தப் பயத்துக்காக ஒரு பெண்ணின் குடித்தனத்தைப் பலி கொடுத்துக்கொண்டிருந்தேன், தெரிந்தே.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை டப்பா வழக்கம்போல் சுவருக்கு மேல் வந்தது. எனக்கு வாங்கக் கை வரவில்லை. நேராக அவர்கள் வீட்டுக்குள் போய், சாப்பிட்டுக்கொண்டிருந்த அண்ணன் முன்னால் நின்று, “அந்த ஓட்டு நாந்தாண்ணா போட்டேன். அவ இல்ல” என்றேன்.

அண்ணன் சிரித்தார். சாப்பாட்டுக் கையோடு சிரித்தார். “அவளக் காப்பாத்த நீ பொய் சொல்ற. உன்ன எனக்குத் தெரியாதா பாப்பா?”

“நிஜமாத்தான் சொல்றேன்.”

“சரி சரி. உக்காந்து துன்னு.”

அண்ணிக்குக் கண் கலங்கிவிட்டது. என் கையைப் பிடித்து, “உங்க மனசு யாருக்கு வரும்?” என்றாள். அதோடு விட்டாலும் பரவாயில்லை. செவ்வாய்க்கிழமை பெண்கள் கூட்டத்தில் ஐயரம்மா, பாஸ்டரின் மனைவி, என்னைப் பேர் சொல்லாமல் புகழ்ந்தாள். பிறர் குற்றத்தைத் தன் தலையில் ஏற்றுக்கொண்ட ஒரு சகோதரி நம் நடுவே இருக்கிறார் என்று ஜெபத்தில் நன்றி சொன்னாள். எல்லாரும் ஆமென் என்றார்கள். எனக்கு எழுந்து கத்த வேண்டும் போல இருந்தது. நான் போட்ட ஓட்டை நான்தான் போட்டேன் என்று காட்ட எனக்கு ஒரு வழியும் இல்லை. ரகசிய ஓட்டு என்று முப்பது வருடம் பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்தவள் நான். அதை அத்தனை நன்றாகக் காப்பாற்றியிருந்தார்கள்.

புதன்கிழமை திருப்பதிக்குக் கிளம்பினேன். பூதலப்பட்டு தாண்டும் வரை ஜன்னலோரம் உட்கார்ந்து, சொல்ல வேண்டியதை மனசுக்குள் தயார் செய்தேன். சந்திரகிரி வந்தபோது எல்லாம் மறந்துபோனது. கடை ரேணிகுண்டா போகும் சாலையில். அவள் அப்பா என்னைப் பார்த்ததும் எழுந்து வந்து, நாற்காலி போட்டு, மோர் கொடுத்தார்.

“மா அம்மாயி தைரியசாலி, டீச்சர்காரு” என்றார், மார்பைத் தட்டிக்கொண்டு. எங்க பொண்ணு தைரியசாலி. அத்தனை பேருக்கு நடுவில் தனி ஆளாக நின்று நம்ம கட்சிக்குப் போட்டாளே என்று கடையில் இருந்த ஆட்களிடம் என்னைக் காட்டிச் சொன்னார். அவர்களும் தலையாட்டினார்கள். பாதி மோரை அப்படியே வைத்துவிட்டு எழுந்தேன்.

அவள் மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். நான் சுற்றி வளைக்கவில்லை.

“அந்த ஓட்டு என்னுதும்மா. உங்க மாமாகிட்ட சொன்னேன். நம்பல.”

அவள் மட்டும் உடனே நம்பினாள். கையிலிருந்த துணியைக் கொடியில் போடாமல் அப்படியே நின்றாள். பிறகு, “எட்டு நாளா எங்க இருந்தீங்க அத்தை?” என்று கேட்டாள்.

ஏன் போட்டேன் என்பதை மட்டும் சொன்னேன். டிபன் கடை அம்மா வாசலில் நின்றது, அண்ணன் விரல் மடக்கியது, எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லும்போது எவ்வளவு அற்பமாக இருக்கிறது என்று எனக்கே கூசியது. அவள் சிரிக்கவில்லை.

“என்னயும்தான் யாரும் கேக்கல. மாமாவும் கேக்கல, எங்க நைனாவும் கேக்கல. ரெண்டு பேருக்கும் தெரியுமாம்” என்றாள். பிறகு துணியை உதறிக் கொடியில் போட்டாள். “நா மாமாவுக்குத்தான் போட்டேன் அத்தை.”

“ஏம்மா?”

“வந்த புதுசுல எனக்குக் காய்ச்சல். மாமாதான் அவரு வண்டில சித்தூரு வரைக்கும் இட்டுக்கினு போனாரு. வழியெல்லாம், பயமா இருக்குதா, மெதுவா போவட்டுமான்னு கேட்டுக்கினே வந்தாரு. உள்ள போயி நின்னப்ப அதுதான் ஞாபகம் வந்திச்சி. கட்சி கிட்சி எதும் ஞாபகம் வர்ல.”

“இத உங்க நைனாகிட்ட சொன்னியா?”

“எப்டி சொல்றது? தெரு முழுக்க ஸ்வீட் குடுத்துட்டாரு.”

அந்த மாடியில் நின்று நான் அழுதேன். உருப்படியான காரணம் எதுவும் இல்லாமல் அண்ணனுக்கு எதிராகப் போட்டவளுக்கு லைனில் ஜெபம். காரணத்தோடு அவருக்கே போட்டவள் இங்கே துணி உலர்த்திக்கொண்டிருக்கிறாள்.

ஊர் திரும்பியதும் வீட்டுக்குப் போகவில்லை, நேராக அண்ணனிடம் போனேன். அவர் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

“அந்தப் பொண்ணு உனக்குத்தான் போட்டா” என்றேன்.

“அவ சொன்னாளா?”

“கேட்டேன், சொன்னா. நீ அவளக் கேட்டியா? வேதப் புத்தகத்த வெச்சீங்க, கேக்கல.” நான் விடவில்லை. “என்னயும் கேக்கல. அன்னிக்கிக் காலைல என் காபியத்தான் கையில வெச்சிக்கினு நின்னே. எல்லா வூட்டுக்கும் விரல் மடக்கின. எனக்கு மடக்கல. டிபன் கடை அம்மா என் வாசல்ல நின்னு கேட்டா. அவளுக்குப் போட்டேன்.”

முதல் தடவை காரணத்தைச் சொல்லாமல் விட்டிருந்தேன், வெட்கத்தால். இப்போது அண்ணன் சிரிக்கவில்லை. தன் வலது கையைப் பார்த்தார். அந்த விரல்கள் அவருக்கு ஞாபகம் வந்துவிட்டன என்று எனக்குத் தெரிந்தது. மெல்ல எழுந்து, நாற்காலியை மடக்கி எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

மறுநாள் காலை முதல் பஸ்ஸுக்கு அவரே திருப்பதி போனார். மருமகளைக் கூட்டிவந்தார். லைனில் மூப்பர்களிடம் என்ன சொன்னார் என்று தெரியாது, அவள் பக்கத்துப் பெஞ்சு மறுபடி நிரம்பியது. இப்போது அவளுக்கு ஒரு பெண் குழந்தை இருக்கிறது. அது என் வீட்டில்தான் பாதி நாள் வளர்கிறது.

அவள் திரும்பி வந்த அடுத்த ஞாயிற்றுக்கிழமை டப்பா வரவில்லை. அதற்குப் பிறகு எந்த ஞாயிறும் வரவில்லை. சண்டை எதுவும் இல்லை. வழியில் பார்த்தால் தலையாட்டுவார். எனக்குக் காய்ச்சல் என்றால் மருந்து மருமகள் கையில் வரும். செய்தது தப்பா என்று இன்னும் என்னால் தீர்மானிக்க முடியவில்லை. ஓட்டுப் போட எனக்கு உரிமை உண்டு, அதில் சந்தேகமில்லை. ஆனால் அவரிடம் காலையிலேயே, ‘என்னயும் கேளுண்ணா’ என்று சொல்லியிருக்கலாமே. அதைச் சொல்ல ஒரு நிமிடம் போதும். இதை நினைத்தால் இப்போதும் எழுந்து நடக்க ஆரம்பித்துவிடுகிறேன்.

இப்போது மறுபடி பஞ்சாயத்துத் தேர்தல் பேச்சு. அண்ணன் மறுபடி நிற்கப்போகிறார். நேற்று சாயந்திரம் இரண்டு ஆட்களோடு வீடு வீடாக வந்தார். முதலில் அவர் வீட்டு வாசலிலேயே நின்று, மருமகளைப் பார்த்து, “உன் ஓட்டு யாருக்கும்மா? சொல்லிட்டாத்தான் அடுத்த வூட்டுக்குப் போவேன்” என்று கேட்டார். அவள் இடுப்பில் குழந்தையோடு, “யோசிச்சி சொல்றேன் மாமா” என்றாள். கூட வந்தவர்கள் சிரித்தார்கள். அவரும் சிரித்தார்.

பிறகு என் கேட்டுக்கு வந்தார். நான் வாசலிலேயே நின்றிருந்தேன். அவர் கேட்டைத் திறக்கவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு, இரண்டு கையையும் கூப்பினார்.

“டீச்சரம்மா, இந்தத் தடவையும் நிக்கிறேங்க. உங்க ஓட்ட எனக்குப் போடணும்னு கேட்டுக்கிறேங்க” என்றார்.

பதிலுக்காக நின்றார்.

“உள்ள வாண்ணா” என்றேன். “இல்லீங்க, இன்னும் வூடுங்க பாக்கி இருக்குது” என்று சொல்லிவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு எதிர் வீட்டுக்குப் போனார்.